ஒற்றைப் பாய்மரம் போதும் என்ற மச்சானுக்கு

விஸ் தீவு,
ஆகஸ்ட் முதல் வாரம்.

பெருமதிப்பிற்குரிய மச்சான், கப்பல் தலைவர் பார்துல் அவர்கள் சமூகத்திற்கு,

தங்கள் தங்கை பெரினாவின் வீட்டுக்காரனும் ஓய்வுபெற்ற பல் மருத்துவனுமாகிய வின்கோ பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதைத்தான் கீழே எழுதப்போகிறேன். ரியேக்காவில் தாங்களும், தங்கள் இடது முழங்காலும், மாடியில் தொட்டியில் நிற்கும் எலுமிச்சையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். நான் வாய்விட்டு நினைக்கிறேன். பெரினா வாய்விடாமல் நினைக்கிறாள்.

இந்தக் காலத்தில் போய் எவன் கடிதம் எழுதுவான் என்று கேட்பீர்கள். தொலைபேசியை எடுக்காத மனிதருக்கு வேறு எப்படிச் சொல்வது? ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, “ரெண்டு பாய்மரமா? ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு உனக்கு. சரி, மூளை யாருக்கு?” என்று கேட்டுவிட்டுப் பட்டென்று வைத்தீர்கள். அன்றிலிருந்து நான் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பெரினா கூப்பிடுவதே இல்லை. அண்ணன்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்கிறாள். அங்கே நீங்கள் தங்கைதான் முதலில் கூப்பிட வேண்டும் என்று உட்கார்ந்திருப்பீர்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு யோசனை மட்டும் எப்படி வேறாக வரும். நடுவில் அகப்பட்டவன் நான், சிஞ் ஊர் மலைக்காரன். கல்யாண விருந்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: “என் தங்கச்சி ஊர்ல இருக்கிற மாலுமியை எல்லாம் விட்டுட்டு ஒரு ஆட்டுக்காரனைப் பிடிச்சிருக்கா. ஆடு நீந்துதான்னு பாப்போம்.” நீந்திக்கொண்டுதான் இருக்கிறது மச்சான், மூச்சு வாங்க.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னது சரி, நாங்கள் வாங்கியது தப்பு, படகை விற்க ஒரு ஆள் பாருங்கள். இவ்வளவுதான். ஆனால் இதோடு முடித்தால் நான் ஏதோ உங்களைச் சமாதானப்படுத்த எழுதுவதாக நினைப்பீர்கள். ஆகவே அந்தப் படகால் நாங்கள் பட்ட பாட்டை முழுதாக எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் மருத்துவசாலையை மூடிய அதே வசந்தத்தில்தான் பெரினாவும் ஸ்ப்ளிட் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியை விட்டு இறங்கினாள். அவள் குரல் கேட்காமல் அந்த ஊரிலிருந்து எந்தப் பேருந்தும் கிளம்பியதில்லை, எந்தப் பயணியும் தொலைந்ததில்லை. மகள் அயர்லாந்துக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர், ஒரு காப்பிப் பாத்திரம், ஒரு ஜன்னல். ஒரு காலையில் அவள் அந்த ஜன்னலில் நின்றுகொண்டு, “தீவுக்குப் போறவங்களுக்கு எல்லாம் வழி சொல்லியே வயசாயிடுச்சுங்க. ஒரு தீவையும் நான் கிட்டப் போய்ப் பாக்கல. படகு வாங்கிடலாமா?” என்றாள். நான் ரொட்டிக்கு அத்திப்பழ ஜாம் தடவிக்கொண்டிருந்தேன். சரி என்றேன். ஜாமைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு உங்களிடம் யோசனை கேட்டோம். அது எங்கள் கடமை. குடும்பத்தில் கடல் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் பொறுமையாக, ஒற்றைப் பாய்மரம், பிளாஸ்டிக் உடம்பு, குட்டையான நீளம், முதல் படகு என்றால் அதுதான் என்று சொல்லி, ரியேக்காவில் உங்கள் நண்பரின் வெள்ளைப் படகைக் காட்ட ஏற்பாடும் செய்தீர்கள். அன்றைக்கு உங்களுக்கு முழங்கால் வீங்கிக் கிடந்ததால் நீங்கள் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. படகு அழகுதான், துடைத்துவைத்த பீங்கான் தட்டு மாதிரி. உங்கள் நண்பரும் தங்கமான மனிதர். “யாரு கேப்டன்?” என்று சிரித்துக்கொண்டு கேட்டார். நான் “நான்” என்றேன். அதே நொடியில் பெரினாவும் “நான்” என்றாள். அவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, சரி, பெரிய பாயை ஏற்றிப் பாருங்கள் என்றார். அந்தப் பாய் எங்கள் வீட்டுக் கூரையைவிடப் பெரியது மச்சான். இருவரும் ஒரே கயிற்றில் தொங்கினோம். பாய் பாதி ஏறியது, என் தோள்பட்டை ‘டக்’ என்றது, நான் விட்டேன், பாய் இறங்கியது, பெரினா மேலே போனாள். ஓர் ஆள் உயரம் போய்விட்டு வந்தாள். “வேற ஏதாச்சும் சின்னதா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே தரையைத் தொட்டாள்.

திரும்பும்போது காரில் சண்டை. எங்கள் கார்ச் சண்டையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி பார்க்கக் கிளம்பி பொஸ்னியாவில் போய் நின்ற கதையை நீங்களே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு காரில் திருப்புகிற சக்கரம் ஒன்றுதான் இருக்கிறது. ஓட்டுவது நான், ஓட்டத் தெரிந்தது அவள். “இந்தப் பக்கம் திரும்புங்கன்னா திரும்புங்களேன்” என்றாள். திரும்பினேன், அவள் சொன்னதற்கு நேர் எதிர்ப் பக்கம். அப்படித் திரும்பியதால்தான் த்ரோகிர் போய்ச் சேர்ந்தோம். அங்கே படகுத்துறையின் கடைசியில் அது நின்றது.

பச்சைச் சாயம் அடித்த மரப்படகு. இடுப்பு அகலம். முன்னால் ஒரு பெரிய பாய்மரம், பின்னால் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாய்மரம். கூமா என்று பெயர் எழுதியிருந்தது. ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்கிற அம்மாளை அப்படித்தானே நாம் கூப்பிடுகிறோம். உருவமும் அதேதான், பூப்போட்ட கவுனுக்குள் அடங்காத உருவம். மேலே ஒரு ஸ்லோவேனியக்கார அம்மாள் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள், மய்தா என்று பெயர். படகு விற்பனைக்கா என்று கேட்டதும் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வண்டியில சண்டை போட்டுக்கிட்டா வந்தீங்க?” என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “நாங்களும் அப்படித்தான் வந்து வாங்கினோம். இதைக் கெட்ச்சுன்னு சொல்வாங்க. ஒரு பெரிய பாயை ரெண்டு மூணா வெட்டிப் பங்குபோட்ட மாதிரி. ஒவ்வொண்ணும் சின்னது, தூக்குறதுக்குப் பலம் வேணாம். முன்னாடி இருக்கிறது என் வீட்டுக்காரரோடது. பின்னாடி இருக்கிறது என்னோடது. ரெண்டு பேரும் முழிச்சிருந்தாப் போதும்” என்றாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். பெரினா என் காலை மிதித்தாள். அந்த அம்மாள் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரினா ஏறிப் போய்ப் பின்பாய்மரத்தடியில் உட்கார்ந்தாள். ஒரு கையை அதன்மேல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். பேருந்தில் ஜன்னல் இருக்கை கிடைத்தவள் மாதிரி உட்கார்ந்தாள் மச்சான், இனி யார் வந்து எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டாள் என்று அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. “இது எனக்கு. அது உங்களுக்கு” என்றாள். அவ்வளவுதான். தாங்கள் தங்கள் நண்பரிடம் எங்கள் சார்பில் வாக்குக் கொடுத்திருந்தது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். கேட்டிருப்பாளா என்பது வேறு விஷயம்.

தொலைபேசியை வைப்பதற்கு முன் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் பிற்பாடு பலித்தது. “ரெண்டு மரம்னா உடையுறது எல்லாம் ரெண்டு ரெண்டா உடையும்” என்றீர்கள், உடைந்தது. “காத்துக்கு எதிரே ஏறச் சொன்னா நண்டு மாதிரி பக்கவாட்டுல நடக்கும்” என்றீர்கள், நடக்கிறது. “ஒரு கயித்தையே பிடிக்கத் தெரியாதவனுக்கு இத்தனை கயிறா” என்றீர்கள். அந்தக் கயிறுகளின் கதையைக் கேளுங்கள். எது எதை இழுக்கிறது என்று ஞாபகம் வைக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பல்லின் பெயர் வைத்தேன். முன்பாயின் கயிறு மேல்வரிசைக் கோரைப்பல், பெரிய பாயின் கயிறு கீழ்வரிசைக் கடைவாய்ப்பல், இப்படி. அழகாக ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினேன். அதே வாரம் எனக்குத் தெரியாமல் பெரினாவும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அவள் எல்லாக் கயிற்றுக்கும் பேருந்தின் பெயர் வைத்திருந்தாள். முன்பாய் ஸாதர் வண்டி, பெரிய பாய் மகார்ஸ்கா வண்டி, அவளுடைய பின்பாய் துப்ரோவ்னிக் விரைவு வண்டி. முதல் தடவை வெளியே போனபோது அவள், “மகார்ஸ்காவை விடுங்க” என்கிறாள், நான், “எந்தப் பல்?” என்கிறேன். பக்கத்துப் படகில் மீன் சுட்டுக்கொண்டிருந்தவர் தன் மனைவியிடம், “உள்ள போ, அவங்க சரியில்ல” என்றார். அவருக்கு அன்று நல்ல நாள் இல்லை. துறையில் கட்டியிருந்த எங்கள் பின்கயிற்றை அவிழ்க்க மறந்திருந்தோம். அது அவர் மேஜைக்காலில் எப்படிச் சுற்றியது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. நாங்கள் கிளம்பினோம், மேஜையும் கிளம்பியது. மேஜை, துணி, தட்டு, வறுத்த கீரை, ஒன்பது சூடை மீன். மீன் மட்டும் திரும்ப ஊருக்குப் போனதாக வைத்துக்கொள்ளலாம்.

அதைவிடக் கேவலம் அதற்கடுத்த ஞாயிறு. பின்பாயை இறக்காமல் துறையை விட்டு வெளியேறப் பார்த்தோம். உங்களுக்குத் தெரியும், பின்னால் மட்டும் பாய் இருந்தால் படகு காற்றைப் பார்த்து மூக்கைத் திருப்பிக்கொண்டு நிற்கும். நங்கூரம் போட்டிருக்கும்போது அது நல்ல குணம், தூக்கத்தில் ஆடாமல் நிற்கும். போகும்போது நல்ல குணம் இல்லை. நான் சுக்கானைப் பிடித்துத் திருப்பத் திருப்ப, கூமா திரும்பித் திரும்பித் தன் பழைய இடத்துக்கே வந்து நின்றது, சாயங்காலம் கொட்டிலுக்குத் திரும்பும் மாடு போல. கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர், “மறதியா ஏதாச்சும் வச்சுட்டுப் போனீங்களா?” என்று கேட்டார். இன்னொரு தடவை வந்தபோது, “இப்ப கிடைச்சுதா?” என்றார். பெரினா சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று நாங்கள் எங்கும் போகவில்லை. துறையிலேயே கட்டிப்போட்டுவிட்டு, மேல்தளத்தில் உட்கார்ந்து தண்ணீர் கலந்த திராட்சை ரசம் குடித்தோம். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இதைக் குறையாகத்தான் சொல்கிறேன். படகு நகரவில்லை என்பதற்காக.

படகை மந்திரிக்க வந்த பங்குத்தந்தை ஃபிலிப் விஷயத்தையும் மறைக்க மாட்டேன். அவர் பின்பக்கம் நின்று தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். பின்பாயின் அடிக்கம்பை யாரோ கட்டாமல் விட்டிருந்தார்கள். யாரோ என்றால் நான். காற்று லேசாகத்தான் அடித்தது. கம்பு வந்து அவர் கையிலிருந்த தீர்த்தச் செம்பைத் தட்டியது, செம்பு கடலில் விழுந்தது. பாவம், நல்ல மனிதர். தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, “ஆகட்டும், கடலையே மந்திரிச்சாச்சு. இனி உங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். செம்பு தேவாலயத்தின் சொத்து. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தோம்.

இப்படியெல்லாம் இருக்கும்போது எந்தத் தைரியத்தில் விஸ் தீவுக்குக் கிளம்பினீர்கள் என்பீர்கள். நானும் அதையே கேட்டேன். “அண்ணன் இருந்தா ஷோல்தா தீவோட திரும்பச் சொல்லுவாரு. அதனாலதான் அதைத் தாண்டிப் போறோம்” என்றாள். மச்சான், ஈஸ்டரிலிருந்து அவளாக உங்கள் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. நான் போய்க் கயிற்றை அவிழ்த்தேன்.

ஷோல்தாவைத் தாண்டும்வரை நல்ல காற்று. கூமா அன்று ஒரு மாதிரியாகக் குணமாக இருந்தது. அவள் பின்பாயை ஒரு விரற்கடை இழுப்பாள், சுக்கான் என் கையில் லேசாகிவிடும், நான் கையை எடுத்துவிட்டு முலாம்பழம் வெட்டினேன். ஷோல்தாவுக்கும் விஸ் தீவுக்கும் நடுவே திறந்த கடலில் இருக்கும்போது பெரினா மேற்கே பார்த்தாள். வானம் அடியில் கறுத்துக்கொண்டு வந்தது, நசுக்கிய கறுப்புத் திராட்சை போல. காற்று பட்டென்று நின்றது. தண்ணீர் எண்ணெய் மாதிரி ஆனது. “நெவேரா வருது” என்றாள். கோடையில் சொல்லாமல் வந்து அடித்துவிட்டுப் போகிற அந்தப் புயலின் பெயரை நான் வானொலியில்தான் கேட்டிருக்கிறேன். அவள் ஓரெபிச் கரையில் வளர்ந்தவள், வாசனையிலேயே தெரிந்துகொண்டாள்.

பெரிய பாயை இறக்க வேண்டும். நான் முன்பக்கம் போனேன். பாய்மரத்தைக் கட்டிக்கொண்டேன். அதற்குள் அடித்துவிட்டது. மழையா, கடலா, எது எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. படகு ஒருக்களித்துப் படுத்தது. கையருகே ஆறு கயிறுகள், ஒட்டுத்தாள் எல்லாம் கரைந்துபோயிற்று, எத்தனை வாய்க்குள் கைவிட்டவன் நான், ஒரு பல்லின் பெயர்கூட ஞாபகம் வரவில்லை. நான் கயிற்றைப் பிடிக்கவில்லை மச்சான், மரத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களிடம் சொல்ல வெட்கமில்லை, சிஞ் மாதாவைக் கூப்பிட்டேன். மாதாவுக்குப் பதில் பெரினாவின் குரல் வந்தது. அலறவில்லை. பேருந்து நிலையத்தில் இத்தனை காலம் பேசிய அதே குரல், அதே நிதானம்:

“பயணிகளின் கவனத்திற்கு. மகார்ஸ்கா செல்லும் பேருந்து இன்று புறப்படாது. சிவப்புக் கயிற்றருகே நிற்கும் பயணி பதற்றமில்லாமல் அதை அவிழ்க்கவும்.”

என் கை தானாகப் போய் அவிழ்த்தது. பெரிய பாய் முழுவதும் சடசடவென்று என் தலைமேல் விழுந்து என்னை மூடியது. அதன் அடியில் ஈரத்துணிக்குள் நான் கிடக்க, “நன்றி” என்று அவள் அறிவித்தது கேட்டது.

தவழ்ந்து வெளியே வந்து பார்த்தால் படகு நிமிர்ந்திருந்தது. முன்னால் ஒரு சின்னப் பாய், பின்னால் அவளுடைய சின்னப் பாய், நடுவில் ஒன்றுமில்லை. அவ்வளவு காற்றிலும் கூமா தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிந்திவிட்ட பெரியம்மாள் குடையை விரித்துக்கொண்டு தெருவில் நடப்பது போல, அவசரமாக, ஆனால் மரியாதை குறையாமல். நான் பின்பக்கம் வந்து சேர்ந்தேன். பெரினா ஒரு கையில் சுக்கானும் ஒரு கையில் பின்பாயின் கயிறுமாக உட்கார்ந்திருந்தாள். தலைமுடி எல்லாம் முகத்தில் ஒட்டியிருந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

“சின்ன வயசுல அப்பாவும் அண்ணனும் படகுல போறப்ப, கரையில நின்னு கயித்த அவுத்து விடுறது நான்தான்” என்றாள். காற்றுக்கு மேலே கேட்கும்படி, ஆனால் கோபமில்லாமல், கால அட்டவணை வாசிப்பது மாதிரி சொன்னாள். “அவுத்துவிட்டு வீட்டுக்குப் போயிடணும். நானும் வரேன்னா அப்பா, இடம் இல்லம்மாம்பாரு. இடம் இருந்துச்சுங்க. பின்னாடி, சுக்கான் பக்கத்துல, இதே மாதிரி ஒரு இடம். அண்ணனுக்கும் தெரியும் இடம் இருந்துச்சுன்னு. அவருக்குப் பன்னண்டு வயசு, அவரு என்ன பண்ணுவாரு. ஆனா ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் போவாரு.”

இதை எழுதலாமா கூடாதா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதிவிட்டேன். அடிக்க மனசு வரவில்லை.

புயல் வந்த வேகத்திலேயே போயிற்று. வெயிலோடு விஸ் வந்து சேர்ந்தோம். நங்கூரம் போட்டதும் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாகத் தொலைபேசியை எடுத்தாள். மகளுக்கு என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன், உங்கள் எண். கடைசி எண் வரை அழுத்தினாள். பச்சைப் பொத்தானை அழுத்தவில்லை. “படகு நல்லா இருக்குன்னு சொன்னா ஜெயிச்சுட்டோம்னு சொல்ற மாதிரி ஆயிடும். அவரு இன்னும் கோவிச்சுக்குவாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே வைத்துவிட்டாள். மிலேவா அண்ணி காலமான பிறகு ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னால் நீங்கள் கூப்பிடுவீர்களே, அந்த நேரம் வந்தால் இப்போதும் அவள் வேலையில்லாமல் சமையலறையில் நிற்கிறாள். கழுவின கோப்பையையே திரும்பக் கழுவுகிறாள்.

இதை நான் இனிமேல் பார்த்துக்கொண்டிருக்கத் தயாராக இல்லை மச்சான். படகு போனால் இன்னொரு படகு. அவளுக்கு அண்ணன் ஒருவர்தான். ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி. ஒற்றைப் பாய்மரம்தான் படகு, மற்றதெல்லாம் நண்டு. இந்தச் சனியனை உங்களுக்குத் தெரிந்த எந்தப் பைத்தியத்தின் தலையிலாவது கட்டிவிடுங்கள். நீங்கள் காட்டுகிற படகை, கூரை போன்ற பாயோடு, தோள்பட்டை இற்றுப்போனாலும் வாங்கிக்கொள்கிறேன். மாதா திருநாளுக்கு ஸ்ப்ளிட்டுக்கு வாருங்கள். வாசலில் நின்று, “நான் அப்பவே சொன்னேன்ல” என்று சொல்லுங்கள். அவள் கத்துவாள். பிறகு பாஷ்டிட்சாடா இறைச்சிக்குழம்பு செய்வாள், உங்களுக்குப் பிடித்த மாதிரி உலர்ந்த பிளம்ஸ் போட்டு. அது போதும்.

மாலுமிகளுக்கெல்லாம் காவலான புனித நிக்கோலா தங்கள் முழங்காலையும், எங்கள் ஊர் மாதா தங்கள் கோபத்தையும் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளட்டும். எலுமிச்சைக்கு இரண்டு கை தண்ணீர் என் பேரில் ஊற்றுங்கள்.

என்றும் தங்கள் அடக்கமுள்ள,
மலைக்கார மைத்துனன்,
வின்கோ.

பின்குறிப்பு: இதை நேற்று உறையில் போட்டு, தபால்தலை வாங்கி ஒட்டி, அஞ்சல் நிலையத்துக்கு வெளியே வந்தேன். ஸ்ப்ளிட்டிலிருந்து வந்த கப்பலின் படியில் ஒரு கையில் தடியும் ஒரு கையில் பையுமாக நீங்கள் இறங்கிக்கொண்டிருந்தீர்கள். நடந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். இருந்தாலும் உறையைப் பிரித்து எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் நடந்தது எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

புயல் செய்தி கேட்டதும் துறைமுகம் துறைமுகமாகத் தொலைபேசியில் விசாரித்தீர்களாம். விஸ் துறைமுக அதிகாரியே என்னிடம் சொன்னார். ஆகஸ்ட் மாதத்தில் ஒற்றைப் பாய்மரப் படகைத் தேடியிருந்தால் ஆயிரத்தில் எது என்று கண்டுபிடிப்பது? “பச்சையா, குண்டா, ரெண்டு மரமா?” என்று அவர் கேட்டதும் நீங்கள் ஆமாம் என்று மட்டும் சொன்னீர்களாம். படகுக்கு வந்தீர்கள். பெரினா நிமிர்ந்து பார்த்தாள். “சாப்பிட்டியாண்ணா?” என்றாள். “இல்ல” என்றீர்கள். இத்தனை மாதம் நான் தூக்கம் கெட்டு யோசித்த சமாதானப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அடுத்தது இன்று காலை நடந்தது. படகு விலைக்கு வரலாம் என்று நான் காப்பிக் கடையில் ரகசியமாகச் சொல்லிவைத்திருந்ததைக் கேட்டு, த்ரியெஸ்தேக்காரர் ஒருவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பின்பாய்மரத்தடியிலிருந்து, “வாங்காதீங்க. அடிமரம் முழுக்க உளுத்துப்போச்சு. வாழ்நாள் முழுக்கக் கப்பல் ஓட்டினவன் சொல்றேன், இன்னைக்கோ நாளைக்கோ முழுகிடும்” என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய். அந்த மனிதர் பயந்துபோய், “அப்ப நீங்க எதுக்குங்க அதுல உட்கார்ந்திருக்கீங்க?” என்று கேட்டார்.

“என் தங்கச்சி உட்கார்ந்திருக்காளே” என்றீர்கள்.

பெரினா உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியின் சத்தம் நின்றது, பிறகு திரும்பத் தொடங்கியது.

ஆகவே ஆள் பார்க்கச் சொன்னதை அடித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை நேரில் கொடுக்கலாம்தான். ஆனால் இப்போது நீங்கள் எதிரே உட்கார்ந்து நான் சுட்ட மீனில் உப்புப் பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே எழுதியிருப்பதை அந்த முகத்திடம் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. ரியேக்கா முகவரிக்கே போடுகிறேன், ஊர் போனதும் தனியாக உட்கார்ந்து படியுங்கள். எப்போது போவீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். ஒரே ஒரு விண்ணப்பம்: படகின் முன் அறையில் நீங்கள் தலைக்கு வைத்திருப்பது என் தலையணை மச்சான்.